மூவாயிரத்து இருநூறில் ஒரு பள்ளம்

தங்கச் சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருடமான ஓர் ஊரில், பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சாம்பல் நிற மணல் மலைமலையாகக் குவிந்து கிடக்க, அந்த மணல் மலையின் அடியில் ஹார்ப்பர் லைன் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்துவிட்டுப் போன நூற்றுப்பதினான்கு வீடுகளில் பதினேழாவது வீட்டில், ஐரின் என்கிற முப்பத்தெட்டு வயதுக்காரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதினோரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கிட்டார் சத்தத்தைக் கண்டுபிடித்தாள்.

ஊர் இருந்தது கன்னட நாட்டில், பேசியது தமிழ், வேலைக்குப் போனது பெங்களூருக்கு. ஐரினும் தினமும் காலை ரயிலில் போய், காது கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்தும் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தாள். மனுஷக் காதுக்கு எந்தச் சத்தம் இதம், எந்தச் சத்தம் முள் என்று அவளுக்கு எண்ணாகவே தெரியும். கிட்டார் அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து கூட வருவது. கல்யாணம், கோவில் திருவிழா, மாதா தேர் என்று லைன் பாண்டில் அவள் வாசிக்காத மேடை இல்லை. ஆனால் மேடையில் வருகிற கிட்டார் சத்தம் அவளுக்குப் பிடித்ததே இல்லை. கெயின் என்கிற திருகியைக் கூட்டினால் சத்தம் நீளும், அழும், பாடும், ஆனால் கூடவே தகர டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி ஒரு கரகரப்பும் வரும். அழுகையும் வேண்டும், கரகரப்பும் கூடாது. இதுதான் அவள் தேடியது.

அதற்காக அவள் வாங்கியது செருப்புப் பெட்டி அளவிலான ஒரு டிஜிட்டல் பெட்டி. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையெல்லாம் அப்படியே போலி செய்யும் பெட்டி. அதில் திருகித் தீராத அளவுக்குத் திருகிகள் இருந்தன. முதல் மாதம், எல்லோரையும் போல, கெயினை முழுக்க ஏற்றினாள், ஒன்றும் தேறவில்லை. பிறகு கெயினைப் பாதிக்குக் குறைத்தாள், நடுச்சத்தத்தைக் கூட்டினாள், அடியில் உறுமுவதை வெட்டினாள், உச்சியில் சீறுவதை வெட்டினாள், பெட்டிக்குள் கற்பனையாக நிற்கிற மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நூல் ஒரு நூலாக நகர்த்தினாள், கிட்டாரின் கழுத்துப் பக்கம் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்கு மாறி அதன் டோனை நாலில் வைத்தாள். சத்தம் தேன் மாதிரி ஆனது, ஆனாலும் தேனுக்குள் எங்கோ ஒரு மணல் துகள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கில் நோயாளிகள் எந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று யோசித்து, மூவாயிரத்து இருநூறு ஹெர்ட்ஸ் சத்தத்தை மட்டும் குறைத்து, அங்கே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, ஒரே ஒரு சுரத்தை வாசித்து விட்டாள். சுரம் ஜன்னல் வழியாக வெளியே போனது.

வெளியே குழாயடியில் பியூலாவும் குப்பம்மாவும் ஒரு குடத்தை முன்னே வைத்தது யார், பின்னே வைத்தது யார் என்பதில் தொடங்கி அவரவர் மாமியார் வரைக்கும் போயிருந்தார்கள். சுரம் வந்து தொட்டதும் இருவரும் பாதி வார்த்தையில் நின்றார்கள். இருவர் புடவைக் கொசுவத்திலிருந்தும் சாம்பல் நிற மணல் சரசரவென்று காலடியில் கொட்டியது. பியூலாவுக்கு அரைப்படி, குப்பம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

"துடப்பம் எடுத்தாடி," என்றாள் குப்பம்மா.

பியூலா எடுத்துவந்தாள். இருவரும் சேர்ந்து கூட்டினார்கள். மணல் வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. காற்றடித்தால் சோற்றில்கூட மணல் விழுகிற ஊர் அது. மணல் சுடுகிறதே என்று மட்டும் பியூலா சொன்னாள். "கோவம் சுடாம இன்னா பண்ணும்," என்றாள் குப்பம்மா, வெகுநாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பதினேழாம் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். அண்ணன் தம்பிகள் வந்தார்கள், சம்பந்திகள் வந்தார்கள், ஒரே மதில்சுவருக்காக ஒன்பது வருடம் பேசாமலிருந்த இரண்டு குடும்பம் ஆளுக்கொரு கோணிப்பையோடு வந்தது. குடும்பத்துக்கு மூன்று நிமிடம் என்று ஐரின் கணக்கு வைத்தாள். அவள் வாசிப்பாள், மணல் கொட்டும், கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். அவள் காலடியிலும் ஒரு பிடி விழும். மூன்று நிமிட வாசிப்பில் போன கோபம் பத்து நாளில் நகம் மாதிரி திரும்ப முளைத்துவிடும். அதனால் யாரும் பயப்படவில்லை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளை இங்கே அனுப்பினார்கள். கோவில் பாதர் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஒருதரம் ஐரின் வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். கோபம் ஆறுவதற்குள் அந்த மணலை இரும்புச் சட்டியில் போட்டு வேர்க்கடலை வறுத்தால், மற்ற மணலில் வறுத்ததைவிட நன்றாக இருந்தது. புருஷன் கோபத்தில் வறுத்த கடலைதான் நல்ல மொறுமொறுப்பு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆண்களுக்குத் தங்கள் குவியல் சின்னதாக இருந்தால் வெட்கமாக இருந்தது.

கடைசி வீட்டு ரோஸ்லின் மட்டும் ஒருமுறை வந்துவிட்டு மறுமுறை வரவில்லை. அவளை அடிக்கிற புருஷன் வீட்டிலேயே இருந்துகொண்டு அவளை மட்டும் அனுப்பியிருந்தான். "எனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான் ஐரினு, அதையும் பெருக்கிக் கொட்டிட்டா நான் எத வெச்சிகினு பொழைக்கிறது," என்றாள். ஐரினுக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. வராவிட்டால் போகிறாள் என்று விட்டுவிட்டாள்.

சுரத்துக்கு அசையாத இன்னொரு ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார், ஐரினின் அப்பா லாசர். முப்பது வருடம் பூமிக்கடியில் பாறையில் துளைபோடும் மெஷினைப் பிடித்ததில் இரண்டு காதும் போனவர். மகள் பொருத்திக் கொடுத்த மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, எதிராளியின் வாயைப் பார்த்தே பேசுகிறவர். சுரங்கப் பள்ளத்துக்குள் வேலை பார்த்த காலத்தில், அந்த இரைச்சலில், எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேசினார்கள். வாசலில் வரிசை நிற்கிறபோது அவர் ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பார்.

டெரன்ஸ் அந்தச் சத்தத்தைத் தனக்கும் கேட்டது மூன்றாம் மாதத்தில். டெரன்ஸ் பாண்டில் டிரம்ஸ் வாசிப்பவன், மேரியின் புருஷன். ஐரினோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இருபது வருடமாக அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று தெரிந்து கட்டை தட்டுகிறவன். லைன் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். சுரங்கத்தை மூடின நாளிலிருந்து கம்பெனி அந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது; லைன்காரர்கள் முடியாது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கத்தலை இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக் காப்பாற்றியவர்களில் டெரன்சும் ஒருத்தன்.

"மலைக்கு அந்தாண்ட லைன்லயும் கேக்கறாங்க ஐரினு. நீ எத்தினி எடத்துக்குப் போவ? அந்த செட்டிங்க எனுக்கு ஏத்திக் குடு. அப்படியே கொஞ்ச நேரம் வாசிச்சி போன்ல பதிஞ்சி குடு."

"உனுக்குக் குடுக்காம யாருக்குடா குடுக்கப் போறன்," என்றாள் ஐரின். செட்டிங்கை ஏற்றிக் கொடுத்தாள். இருபது நிமிடம் வாசித்துப் பதிந்தும் கொடுத்தாள். வாசிக்கும்போது அவன் எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டினான். அவன் காலடியிலும் மணல் விழுந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கம்பெனி அதிகாரிகள் கடைசியாகப் பேச வருகிறார்கள் என்று சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். பதினாலு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய அடுக்குமாடிக்கு எல்லோரும் போக வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. லைன் முழுக்க வந்திருந்தது. பெண்கள் கைப்பையில் கல் கொண்டுவந்திருந்தார்கள். காது போன பழைய டிரில்காரர்கள் ஒன்பது பேர், லாசரையும் சேர்த்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் முனிரத்தினம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து, "ஒரு செங்கல்லத் தொட்டுப் பாருங்க," என்று ஆரம்பித்தபோது, மேடையோரம் பூத்தொட்டிக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஐரினுக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது, தன்னுடையது என்று. வீட்டில் சின்னச் சத்தத்தில் இதமாக வைத்தது பெரிய கூடத்தில் போட்டால் குத்தும், எந்தப் பெட்டியாக இருந்தாலும் குத்தும். இது குத்தவில்லை, மூலைக்கு மூலை வெண்ணெய் மாதிரி போய் நின்றது. இவ்வளவு பெரிய இடத்தில்கூட எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குள் அவள் கால் மணலில் புதைந்திருந்தது.

மூன்று நிமிடத்தில் அது நிற்கவில்லை. இருபது நிமிடப் பதிவு முடிந்து, திரும்ப ஆரம்பித்து, திரும்ப முடிந்து, இரண்டு மணி நேரம் ஓடியது. இருபத்திரண்டு வருடக் கோபம் முதலில் செருப்பு மறைகிற அளவுக்கும், பிறகு கணுக்கால் வரைக்கும், பிறகு முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வந்தது. கூடம் அடுப்படி மாதிரி சூடேறியது. பெண்கள் பையிலிருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். அதிகாரி கீழ்க்குரலில் பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள், டீ வந்தது, காகிதம் வந்தது. முனிரத்தினம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிகாரியின் பேனா நன்றாக எழுதுகிறது என்றார். ஐரினும் டீ குடித்தாள்.

கடைசி பெஞ்சு மட்டும் அசையவில்லை. ஒன்பது பேர் வேட்டியிலிருந்தும் ஒரு பிடி மணல்கூடக் கொட்டவில்லை. பக்கத்தில் நடப்பதைப் பார்த்து அவர்கள் மிரண்டுபோயிருந்தார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐரின் மணலைத் தள்ளித் தள்ளி நடந்து போய் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் தன் வாயைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் தூக்கினாள்.

"போட்டுடுப்பா. நல்லதுதான்."

லாசர் அவள் வாயை வெகுநேரம் பார்த்தார். "நீயா சொல்ற?" என்றார்.

"நான்தான்பா சொல்றன்."

அவர் போட்டார். மற்ற எட்டுப் பேருக்கு அப்படிச் சொல்ல மகள் யாரும் வரவில்லை. அவர்கள் போடாமல் எழுந்து போனார்கள்.

கூட்டம் கலைந்தபோது வெளியே நான்கு பேர் துடைப்பமும் சாக்குமாக நின்றிருந்தார்கள், காலையிலேயே வரச் சொல்லிவைத்த ஆட்கள். டெரன்ஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஐரின் அவனிடம் போய், "நல்லா கேட்டுது இல்ல?" என்றாள். அவள் என்ன கேட்டாள் என்று புரியாத முகத்தோடு அவன் இரண்டு காதிலிருந்தும் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சின்ன அடைப்பான்களைக் கழற்றினான். டிரம்ஸ் தட்டுகளின் சத்தத்தில் அவன் காது கெட்டுவிடக் கூடாது என்று, இரண்டு வருடம் முன்பு, கிளினிக்கில் அவன் காதுக்குள் அச்சுப்பசை விட்டு அளவெடுத்து, ஐரினே செய்து கொடுத்தவை அவை. அவனைச் சுற்றி ஒரு முழத்துக்கு மணல் இருந்தது. மற்றவர்களிடமிருந்து சரிந்து வந்த மணல். அவன் சட்டை மடிப்பில் ஒரு துகள் இல்லை.

ஐரினுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், எதிரே உதடு அசைகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுகூடத் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்று. அந்த மாதிரி அவன் செய்தது முழுக்கத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது, வலிக்கவும் செய்தது, ஆனால் அந்த வலிக்கு வாய் இல்லை.

"ஏன்டா?" என்றாள்.

"மேரிக்கு முட்டி போயிடுச்சி. மாடி ஏற மாட்டா. அடுக்குமாடில கீழ் வீடு குடுக்கறன்னாங்க கம்பெனில." டெரன்ஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினான். "இருவத்திரண்டு வருசம் கத்தினோம் ஐரினு. கத்திகினே செத்துப் போச்சிங்க பாதி சனம். யாருக்கும் அடிபடாம, ரத்தம் இல்லாம, சிரிச்சிகினே முடிஞ்சிது பாரு. உன் சத்தம் இல்லன்னா இன்னிக்கி போலீஸ் தடியெடுத்திருக்கும்."

"சரி," என்றாள் ஐரின். சொல்லிவிட்டு, அவன் ஒயர் சுற்றுவதற்கு மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். அதை நினைத்துத்தான் பிறகு பல நாள் அவளுக்குத் தூக்கம் கெட்டது.

இடிக்கிற இயந்திரம் வந்தது. லைன்காரர்கள் அதன் டிரைவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தன் வீட்டுச் சுவர் விழுவதைக் குப்பம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள், பக்கத்து வீட்டுச் சுவரைவிடத் தன் சுவர் நேராக விழுந்தது என்று பியூலாவிடம் சொன்னாள். மூட்டை கட்டுகிற நாளில் ஐரின் பழைய காலண்டர் தாளின் பின்புறம் நடந்ததையெல்லாம் எழுதி அப்பாவிடம் நீட்டினாள். சொல்ல வாய் வரவில்லை. லாசர் இரண்டு முறை படித்தார்.

"டெரன்சுக்கு அந்த சத்தத்தக் குடுத்தது யாரு?"

"நான்."

"என்னக் கையெழுத்துப் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்பா."

"இப்ப அவன்மேல உனுக்குக் கோவம் வருதா?"

ஐரின் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். "வரலப்பா."

லாசர் தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அவரோடு ஒரே மெஷினில் முப்பது வருடம் துளைபோட்ட பாலய்யா, கையெழுத்துப் போடாத எட்டுப் பேரில் ஒருத்தர். அவர் வீட்டைப் பார்த்து லாசர் நடந்தார். "கோவம் வந்தப்புறம் வா," என்றார் திரும்பாமலே.

ஐரின் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குப் போனாள். அந்த செட்டிங்கைப் பெட்டியிலிருந்து அழித்தாள். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. ஏதோ ஊரில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். கெயினை முழுக்க ஏற்றி, வெட்டினதையெல்லாம் திறந்துவிட்டு, கோபம் வருமா என்று காது கிழிகிற மாதிரி வாசித்துப் பார்த்தாள். கீழ்மாடிக்காரர்கள் மேலே ஏறி வந்து, நன்றாக இருக்கிறது அக்கா, இன்னொன்று வாசியுங்கள் என்றார்கள். மூன்று நிமிடத்தில் போனால் பத்து நாளில் முளைக்கும். இரண்டு மணி நேரத்தில் போனது எப்போது முளைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரியவில்லையே என்கிற கவலையும் இல்லை.

டெரன்ஸ் வர ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் மத்தியானம் வந்து, செருப்பை வெளியே விட்டு, நாற்காலியில் உட்காராமல் நிற்பான்.

"ஒரு வார்த்த திட்டு ஐரினு."

"டீ போடட்டா?"

"வேசி மவனேன்னு திட்டு. துப்பு. நான் ஒருத்தன்தான் இந்த ஊர்ல எல்லாத்தையும் உள்ள வெச்சிகினு திரியறன். எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்க. மேரியும் சிரிக்கறா."

ஐரின் டீ போட்டு வைப்பாள். அது அவன் எதிரே ஆறும். அவனைத் திட்ட அவளுக்கும் ஆசைதான். கடையில் இல்லாத சாமானைக் கேட்கிறவனைப் பார்ப்பது மாதிரி அவனைப் பார்ப்பாள். ஏழாவது ஞாயிறு அவன் டீயைப் பார்த்துவிட்டு, "உங்கப்பாகிட்ட போறன்," என்றான். "நானும் வரன்," என்றாள் ஐரின்.

பஸ்ஸில் போனார்கள். ஹார்ப்பர் லைன் இருந்த இடத்தில் செங்கல் பொடியும் உடைந்த ஓடுமாக வெட்டவெளி கிடந்தது, நடுவே எட்டு வீடு மட்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லைன்காரர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு அங்கே வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பாய் விரித்து உட்காருவது பழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாலய்யா வீட்டுப் படியில் லாசர் உட்கார்ந்திருந்தார். டெரன்ஸ் அவர் எதிரே போய் நின்றான். ஐரின் பத்தடி தள்ளி நின்றாள்.

"மாமா," என்றான் டெரன்ஸ், அவருக்கு மட்டும் என்கிற குரலில். "கூட்டத்துல அந்த சத்தத்தப் போட்டது நான். என் காத அடைச்சிகினு உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். ஒரு கீழ் வீட்டுக்காக."

லாசர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கல," என்றார்.

டெரன்ஸ் இன்னும் சத்தமாகச் சொன்னான். பாயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"இன்னா சொல்ற? காது கேக்காதுன்னு தெரியும் இல்ல, சத்தமா சொல்லு."

மூன்றாவது முறை டெரன்ஸ் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். நான்தான் போட்டேன், நான்தான் ஏமாத்தினேன், ஒரு கீழ் வீட்டுக்காக என்று அவன் கத்தினது மணல் மலையில் பட்டுத் திரும்பி வந்து எல்லோர் காதிலும் இன்னொருமுறை விழுந்தது. முனிரத்தினம் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, பரவாயில்லப்பா என்றார். குப்பம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பியூலா அவனுக்கு உட்கார ஸ்டூல் போட்டாள். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். டெரன்ஸ் அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

லாசர் அவன் கையை விலக்கி, முகத்தைப் பார்த்து, "மொத தடவையே புரிஞ்சிச்சி," என்றார்.

டெரன்ஸ் தலையாட்டினான். அது போதும் என்கிற மாதிரி ஸ்டூலிலிருந்து எழுந்து, சொம்பைக் குப்பம்மாவிடம் கொடுத்து, போகத் திரும்பினான்.

அப்போது ஐரின் அந்தப் பத்தடியையும் நடந்து அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் தாடை இறுகியிருந்தது. அது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, பள்ளத்துக்குள் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"எனுக்குக் கேக்கலப்பா."

லாசர் அவள் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு படியில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"டேய் டெரன்சு," என்று கூப்பிட்டார். "பொண்ணுக்குக் கேக்கலியாம். இன்னொரு தடவ சொல்லு."